வேகாத படங்கள்

அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அம்சவல்லி போனைத் திறந்தபோது, சிவசங்கரியின் படக்கதையில் மாடு இல்லை.

வழக்கம்போல நான்கு கட்டம். முதல் கட்டத்தில் ஒரு முளைக்குச்சி. இரண்டாவதில் அதே முளைக்குச்சி, கயிறு உரசி உரசி அதைச் சுற்றி வட்டமாகத் தேய்ந்துபோன மண். மூன்றாவதில் சிவசங்கரியின் அம்மா கழுநீர் வாளியைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். நான்காவதில் வாளியை இறக்கி வைக்காமல் அப்படியே நிற்கிறாள். ஓர் எழுத்துகூட இல்லை. அம்சவல்லி முதலில் மாட்டைத் தேடினாள். கட்டத்தைப் பெரிதாக்கி, வேலி மூலையில் வாலாவது தெரிகிறதா என்று பார்த்தாள். பிறகுதான் விளங்கியது. மாட்டை விற்றுவிட்டார்கள். வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்ற பிறகுதான் அந்தம்மாவுக்கே அது ஞாபகம் வந்திருக்கிறது.

பிசைந்த சோறு விரலில் காய்ந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த செல்வநாயகி முழங்கையால் இடித்தாள். பீங்கான் கம்பெனியில் அவள் அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளுக்குப் பிசிறு சீவுகிறவள்.

"என்னாடி, சோத்துல கல்லா? மொகம் ஏன் இப்பிடிப் போவுது?"

"ஒண்ணுமில்லக்கா. மாட்ட வித்துட்டாங்க."

"யாரு மாட்ட?"

"தெரிஞ்ச பொண்ணு. கம்மாபுரத்துப் பக்கம்."

"அதுக்கு நீ ஏன்டி மூக்கச் சிந்துற? அவங்கூட்டு மாடு உனுக்கு வந்து பாலு ஊத்துச்சா?" என்று சொல்லிவிட்டு, அம்சவல்லியின் டப்பாவிலிருந்த கருவாட்டுத் துண்டை எடுத்துக்கொண்டாள். "எப்பிடியும் நீ துன்னப்போறதில்ல."

அந்த மாட்டை அம்சவல்லிக்கு நான்கு வருஷமாகத் தெரியும். 'எங்கூட்டு மாடு' என்று பேர் வைத்து, சிவசங்கரி புதன்கிழமை தோறும் ஃபேஸ்புக்கில் போட ஆரம்பித்த நாளிலிருந்து தெரியும். முதலில் அது மாடாகவே இல்லை. கட்டிலுக்குத் தலை முளைத்த மாதிரி இருந்தது. "இது மாடா, நாயா, பீரோவா?" என்று எவனோ கீழே எழுதியிருந்தான். நூறு பேர் அதற்குச் சிரித்திருந்தார்கள். சிவசங்கரி அவர்களோடு சண்டைக்குப் போகவில்லை. "மாடுதாங்க. அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் மாடா இருக்கும்" என்று பதில் எழுதினாள். சொன்னபடியே அடுத்த வாரம் அது இன்னும் கொஞ்சம் மாடாக இருந்தது. பின்னங்கால் முன்பக்கமாக மடங்கிக்கொண்டிருந்தது, ஆறு மாதத்தில் பின்பக்கமாக மடங்கியது. முதல் வருஷம் முழுக்க அந்த மாடு இடப்பக்கம் பார்த்தே நின்றது, அவளுக்கு அந்தப் பக்கம்தான் வரைய வந்தது. ஒரு புதன்கிழமை மாடு திரும்பி வலப்பக்கம் பார்த்தபோது, அம்சவல்லி வீட்டில் வேலையெல்லாம் போட்டுவிட்டு, "ஏங்க, இங்க பாருங்க, திரும்பிடுச்சு" என்று கத்தினாள். அப்புறம் மூக்கில் ஈரம் வந்தது. காதில் ஈ உட்கார்ந்தது. கட்டங்களுக்குப் பின்னால், வெறும் வானமாக இருந்த இடத்தில், நெய்வேலிச் சுரங்கத்து மண்மேடு ஒரு கொப்புளம் போலத் தலை காட்டியது. மாதாமாதம் அது வளர்ந்தது. அதைப் பற்றிக் கதையில் ஒரு வார்த்தை இருக்காது. மாடு மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்து, "அது மேல புல்லு மொளைக்குமா?" என்று கேட்டது.

வரைகிற கை பிறக்கும்போதே வருவது என்றுதான் அம்சவல்லி அதுவரை நினைத்திருந்தாள். அவளும் தூரிகை பிடிக்கிறவள்தான். பொம்மைகளுக்குக் கண் எழுதுவதும் தட்டுகளின் விளிம்பில் கொடியும் பூவும் போடுவதும் பதினான்கு வருஷமாக அவள் வேலை. ஒரு நாளைக்கு நானூறு கண் எழுதுவாள். ஆனால் நானூறும் ஒரே கண். யாரையும் பார்க்காத கண். ஒரு பெண் எல்லார் எதிரிலும் தப்புத் தப்பாக வரைந்து, கேலியை வாங்கிக்கொண்டு, மறுவாரமும் வந்து நிற்கலாம் என்பதை சிவசங்கரியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். மகள் கனிஷ்கா புதுச்சேரிக்கு நர்சிங் படிக்கப் போகும் முன் பழைய போனில் படம் வரைகிற செயலியைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள். 'சூளக்காரர் வூடு' என்று ஒரு பக்கமும் தொடங்கிக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு கதை, நான்கு கட்டம்.

சூளைக்காரர் வேறு யார், அவள் புருஷன் கோதண்டபாணிதான்.

கல்மாவு சலிக்கிற இடத்தில் பதினொரு வருஷம், பிறகு சூளை அடுக்குவதில் பதினேழு வருஷம். நல்ல ஆகிருதி. தொப்பை முன்னே வந்து நின்று, ஆள் பின்னால் வருவார். சூளை பிரிக்கும்போது வெந்து வந்த சாமானை விரல் நகத்தால் தட்டிப் பார்ப்பது அந்த வேலைக்காரர்கள் வழக்கம். டங்கென்றால் நல்லது. டொக்கென்றால் உள்ளே விரிசல், தூக்கி ஓரமாகப் போடு. அந்தப் பழக்கம் கோதண்டபாணியை விட்டு வீட்டிலும் போகாது. தேங்காயைத் தட்டுவார், தர்பூசணியைத் தட்டுவார், இட்லியையும் தட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா வெந்துருக்குது, அடுக்கு" என்பார். கனிஷ்காவைப் பெண் கேட்டு வந்த பையனின் தலையைத் தட்டிப் பார்த்து, "டொக்குங்குது, வேணாம்" என்று அவர் சொல்வது போல அம்சவல்லி வரைந்த கதையை மூவாயிரம் பேர் பார்த்தார்கள். அப்படி ஒரு பையன் வரவே இல்லை. வந்திருந்தால் தட்டியிருப்பார்.

அவளுக்கு எழுத்து கற்றுக் கொடுத்ததும் அவர்தான். கல்யாணமாகி வரும்போது அவளுக்குக் கையெழுத்துகூடத் தெரியாது. கம்பெனியில் கோப்பைகளில் பேர் எழுதச் சொன்னால், கொடியைப் பார்த்துக் கொடி போடுவது மாதிரி எழுத்தைப் பார்த்துப் போட்டுவிடுவாள். என்ன பேர் என்று தெரியாது. முப்பத்தொரு வயதில், கோதண்டபாணி ஞாயிறு சாயங்காலம் அவளை பஸ் நிலையத்துக்குக் கூட்டிப்போய், சிமெண்டு பெஞ்சில் உட்காரவைத்து, வருகிற பஸ்ஸின் நெற்றியைப் படிக்கச் சொன்னார். "தப்பாப் படிச்சா அந்த பஸ்ஸுல ஏத்தி வுட்ருவன், போயி சேருற ஊர்லயே குடும்பம் நடத்து" என்று மிரட்டுவார். அவள் தானாகக் கூட்டிப் படித்த முதல் பேர் வேப்பூர். அன்றைக்கு அவர் அந்த பஸ் கண்டக்டரைக் கூப்பிட்டு, "எம் பொண்டாட்டி உன் பஸ்ஸப் படிச்சிட்டா" என்று சொல்ல, அவன் ஒன்றும் புரியாமல் விசில் ஊதிக்கொண்டு போனான்.

அவள் போட்ட முதல் படக்கதையில் வானம் ரோஸாக இருந்தது. வெளுத்துப்போன வாடாமல்லி மாதிரி ஒரு ரோஸ். அதைத் தப்பென்றே அவளுக்குத் தோன்றவில்லை. கம்பெனியில் நீலத்துக்கு என்று கொடுக்கிற பொடி, தண்ணீரில் கரைத்தால் அந்த நிறத்தில்தான் இருக்கும். அதைத்தான் தட்டுகளில் தீட்டுவார்கள். சூளைக்குள் போய் வெந்து வந்தால் பளிச்சென்று நீலம். வருஷக்கணக்காக அதை நீலம் என்று சொல்லி, நீலம் என்று கேட்டு, கண்ணுக்கு அதுவே நீலமாகிவிட்டது. போனிலும் விரல் தானாக அந்த நிறத்துக்குத்தான் போனது. "சாயங்கால வானமா சிஸ்டர்?" என்று ஒருவர் கேட்டார். "கண் டாக்டரைப் பாருங்க" என்று இன்னொருவர். சிவசங்கரி என்கிற பேரிலிருந்து, "எனக்கு இந்த வானம் பிடிச்சிருக்கு அக்கா. மாத்தாதீங்க" என்று வந்தது. அம்சவல்லி எழுத்துக் கூட்டி அதை ஆறு தடவை படித்தாள். மாற்றவில்லை. அதிலிருந்து பழக்கம். பேசுவதற்கு முன்பே இரண்டு வருஷம் ஒருத்தி படத்துக்கு இன்னொருத்தி பதில் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

கோதண்டபாணி வேலைக்குப் போவதை நிறுத்தி எட்டு மாதமாகிறது.

இருமல்தான் முதலில். பிறகு மாடிப்படி. பிறகு நாலு எட்டு நடப்பதற்குள் நின்று, தெருவில் ஏதோ வேடிக்கை பார்ப்பது போல நிற்பார். ஆஸ்பத்திரியில் டாக்டர் அவர் முதுகில் ஒரு விரலை வைத்து, அதன் மேல் இன்னொரு விரலால் தட்டித் தட்டிக் கேட்டார். கோதண்டபாணி குனிந்தபடியே, "என்னா சார், டங்குங்குதா, டொக்குங்குதா?" என்றார். டாக்டர் தட்டுவதை நிறுத்தினார். "சட்டையப் போட்டுக்குங்க" என்றார். அம்சவல்லியை மட்டும் உள்ளே கூப்பிட்டுச் சொன்னார். "தூசிம்மா. நுரையீரல் கல்லு மாதிரி எறுகிடுச்சு. இனிமே எளகாது. மூச்சுக்கு மருந்து தரேன். வருஷக் கணக்குல எதுவும் நெனச்சுக்காதீங்க." வெளியில் வந்தவள் புருஷனிடம், "சளி கட்டியிருக்குதாம். கொஞ்ச நாளாவும்னாங்க" என்றாள். "அதான் எனக்கே தெரியுமே" என்றார் அவர். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. கனிஷ்காவிடமும் அதையேதான் சொல்லியிருந்தாள்.

ஆனால் படக்கதை நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் போடும் முன் கோதண்டபாணியிடம் காட்டுவாள். அவர்தான் முதல் ஆள். பார்த்துச் சிரித்துவிட்டு, "ம், போடு" என்றால்தான் போடுவாள். கட்டங்களுக்குள் சூளைக்காரர் அதே தொப்பையோடு, அதே துண்டோடு, எதையாவது தட்டிக்கொண்டிருந்தார். வெளியில் இவர் வாரத்துக்கு வாரம் இளைத்தார். இடுப்பில் லுங்கி நிற்காமல் அரைஞாண் கயிற்றில் செருகிக்கொள்ள ஆரம்பித்தார். சிரித்தால் இருமல் வந்தது, இருமினால் கண் செருகியது. அதனால் அம்சவல்லி ஒரு காரியம் செய்தாள். கதைகளில் சிரிப்பைக் குறைத்தாள். நல்லதாக ஒன்று தோன்றினால் அதை ஒதுக்கிவிட்டு, உதட்டோரம் மட்டும் அசைகிற அளவுக்கு ஒன்றை யோசித்து வரைந்தாள். "முன்ன மாதிரி இல்ல சிஸ்டர்" என்று படிக்கிறவர்கள் எழுதினார்கள். அவள் யாருக்கும் பதில் எழுதவில்லை.

மாடு இல்லாத படத்தைப் பார்த்த அன்று சாயங்காலம் சிவசங்கரிக்கு அவளே போன் செய்தாள். "படம் பார்த்தேம்மா" என்றாள். "நாளைக்கு விருத்தாசலம் வரங்கா. பத்திரம் ஒண்ணு எடுக்கணும், அதுக்குத்தான். உங்கள பார்க்கணும்" என்றாள் சிவசங்கரி. "மாமாவயும் பார்க்கணும். அந்தத் தொப்பையத் தட்டிப் பார்க்காம போவமாட்டன்."

"வூட்டுக்கு வேணாம்மா. அவரு... வெளியூரு போயிருக்காரு. நீ கம்பெனிகிட்ட வந்துடு" என்றாள் அம்சவல்லி. சொன்ன பிறகுதான், இருபது வருஷத்தில் புருஷன் போகாத வெளியூருக்கு அவரை அனுப்பிவிட்டது உறைத்தது.

மறுநாள், வியாழக்கிழமை மத்தியானம் சிவசங்கரி வந்தாள். படத்தில் தன்னை எப்போதும் குடை மாதிரி முடியோடு வரைந்துகொள்வாள், நேரில் எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னியிருந்தாள். இருபத்தாறு வயதிருக்கும். நெய்வேலியில் ஒரு செல்போன் கடையில் வேலை. கம்பெனிக்குள் நுழைந்ததும் தட்டுகள் வரிசையாகக் காய்கிற மரச்சட்டத்தின் முன்னால் நின்றுவிட்டாள். அத்தனை தட்டிலும் ரோஸ் பூ.

"அக்கா, இது உங்க வானம்."

"அது நீலம்மா. இன்னும் வேகல. வெந்தா நீலமாயிடும்" என்று அம்சவல்லி விளக்கினாள். தன் முதல் படத்தின் கதையையும் சொன்னாள். பிசிறு சீவிக்கொண்டிருந்த செல்வநாயகி நிமிராமலே, "அவளுக்கு மூளையும் இன்னும் வேகல, அதையும் எழுதிக்க" என்றாள்.

சிவசங்கரி சிரித்தாள். சிரித்துக்கொண்டே, "அப்ப நீங்க இத்தினி வருசமா போட்டதெல்லாம் வேகாத படமாக்கா?" என்று கேட்டாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். அம்சவல்லிக்கு அது எங்கேயோ போய்த் தட்டியது. கையிலிருந்த தூரிகையைத் தண்ணீரில் போட்டுவிட்டு, "வா, டீ குடிக்கலாம்" என்று அவளை வெளியே கூட்டிப்போனாள்.

டீக்கடை வேப்பமரத்தடியில் சிவசங்கரி டம்ளரைச் சுற்றிச் சுற்றிப் பிடித்துக்கொண்டு பேசினாள். சுரங்கத்துக்கு ஊரைக் கொடுத்துவிட்டு மாறிப் போகப்போகிற இடத்தில் இரண்டு பக்கமும் சுவர், மாட்டைக் கட்ட இடமில்லை. வேப்பூர்ப் பக்கத்து மங்களூர்க்காரர் ஒருவர் வண்டி வைத்து ஏற்றிக்கொண்டு போனார். போன பிறகும் இரண்டு வாரம் அவள் மாட்டை வரைந்து போட்டிருக்கிறாள், அது பாட்டுக்குப் பேசிக்கொண்டு, சிரித்துக்கொண்டு.

"அம்மாகிட்ட காட்டுனங்கா. படத்தப் பார்த்துட்டு, 'இது நம்ம மாடு இல்ல'ன்னுட்டாங்க. ஏம்மான்னன். 'நம்முளுதுக்கு எடது கொம்பு நுனி மொக்கையா இருக்கும், நீ ரெண்டையும் கூரா போட்டு வச்சிருக்கற'ன்னாங்க. எனக்கு பக்குன்னு ஆயிடுச்சு. நாலு வருசமா வாராவாரம் வரையறன். ஒரு நாளும் அந்தக் கொம்ப நான் பார்க்கல. போட்டோவுல தேடுனன், எல்லாத்துலயும் நான்தான் முன்னாடி பல்லக் காட்டிட்டு நிக்கறன்." டீயை ஒரு வாய் குடித்தாள். "அது இருந்தப்ப என் கை நல்லா வந்துடுச்சுன்னு நெனச்சிட்டு இருந்தன். கை வந்துச்சு. பார்க்கல. அதான் இல்லாத எடத்தையாவது ஒழுங்கா வரையலாம்னு ஒக்காந்தன். அந்த முளைக்குச்சிய நாலு நாள் பார்த்துட்டே இருந்தன்க்கா."

எட்டு மாதமாகத் தான் கோதண்டபாணியின் முகத்தைப் பார்க்கவில்லை என்பது அம்சவல்லிக்கு அந்த நிமிஷம் தெரிந்தது. மாத்திரை கொடுக்கும்போது உள்ளங்கையைப் பார்ப்பாள். சோறு வைக்கும்போது தட்டைப் பார்ப்பாள். முதுகு தேய்த்துவிடும்போது சோப்பு நுரையைப் பார்ப்பாள். வரைய உட்கார்ந்தால் பழைய ஆள் கைக்குள்ளேயே இருந்தார், அவரை இறக்கி வைத்தால் போதும்.

பஸ் வந்தபோது சிவசங்கரி படியில் ஏறி நின்று, "மாமா வந்தவுடனே சொல்லுங்கக்கா, இன்னொரு நாளு வரன்" என்றாள்.

"அவரு எங்கயும் போவலம்மா. வூட்லதான் இருக்காரு" என்றாள் அம்சவல்லி. "முடியாம இருக்காரு." பஸ் கிளம்பிவிட்டது. சிவசங்கரி கம்பியைப் பிடித்தபடி குனிந்து பார்த்துக்கொண்டே போனாள். அந்த முகத்தில் ஏன் முன்பே சொல்லவில்லை என்கிற கேள்வி இருந்ததா, முன்பே தெரியும் என்பது இருந்ததா என்று சொல்ல முடியவில்லை.

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அம்சவல்லி புருஷனைப் பார்த்தாள். பார்ப்பது லேசாக இல்லை. பார்வை தானாக நழுவி, அவருக்குப் பின்னால் தொங்குகிற காலண்டருக்குப் போனது. இழுத்துக்கொண்டு வந்து மறுபடியும் வைத்தாள். கட்டில் விளிம்பில் இரண்டு கையையும் தொடையில் ஊன்றி, தோளைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காறை எலும்புக்கு மேலே ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு குழி விழுந்தது. டீ கொடுத்தாள். முன்பெல்லாம் ஊதி ஊதி இரண்டு நிமிஷத்தில் குடித்துவிடுவார். இப்போது ஊதுவதற்கு மூச்சில்லை, அதுவாக ஆறட்டும் என்று டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். பேசும்போது பாதி வார்த்தையில் நின்று, யோசிப்பது மாதிரி நெற்றியைச் சுருக்கினார். யோசனை ஒன்றுமில்லை. மீதி வார்த்தைக்கு மூச்சு சேர்த்துக்கொண்டிருந்தார்.

"என்னா, புதுசா பார்க்கற மாதிரி... பார்க்கற?"

"ஒண்ணுமில்ல. முடி வெட்டிக்கணும் உங்களுக்கு."

வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் பார்த்தாள். அவர் கண்ணயர்ந்த நேரத்தில் போனை எடுத்து வரைந்தாள். மூன்று முறை விரல் தானாக ஓடித் தொப்பையைப் போட்டது. மூன்று முறையும் அழித்தாள். நான்கு கட்டம் வேண்டாம், ஒன்றே போதும் என்று விட்டுவிட்டாள். கட்டில், ஊன்றிய கைகள், தூக்கிய தோள், திறந்த வாய். குளித்துவிட்டுத் துண்டோடு உட்கார்ந்திருப்பது போல வெற்று மார்பு. விலா எலும்புகளை ஒவ்வொரு கோடாக இழுக்கும்போது, மேல்தோலை உரிப்பது மாதிரி இருந்தது. பேச்சுக்கான குமிழைப் போட்டுப் பார்த்து எடுத்துவிட்டாள். முடித்துவிட்டுப் பார்த்தபோது, தான் இதுவரை வரைந்ததிலேயே இதுதான் சரியாக வந்திருக்கிறது என்று தெரிந்தது. அது தெரிந்ததற்காகத் தன் மேலேயே அருவருப்பும் வந்தது. கையோடு இன்னொரு கதையும் வரைந்து வைத்தாள். தொப்பைக்காரர் பாகற்காயைத் தட்டிப் பார்த்து, "இது வெந்தா நான் வெளியூரு போயிடுவன்" என்கிறார். சிரிப்பு அதிகமில்லை. ஆபத்தில்லாதது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கோதண்டபாணி வாசல் பக்கமாகக் கட்டிலை இழுத்துப் போடச் சொல்லி உட்கார்ந்தார். வெயில் முழங்கால்வரை வந்திருந்தது. எதிர்வீட்டில் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது.

"என்னா, இந்த வாரம் பட்டினி போட்டுட்ட? படம் எங்க?"

"இன்னும் முடியலங்க."

"பாதியா இருந்தா... என்னா. குடு."

போனில் இரண்டும் இருந்தன. பாகற்காயைத் திறந்து கொடுத்தால் அவர் பார்த்து, "ம், போடு" என்பார். இந்த ஞாயிறும் போய்விடும். அடுத்த ஞாயிறும் போகும். அவர் சளி என்று நினைத்துக்கொண்டே இருப்பார். இதைக் கொடுத்தால், டாக்டர் அவளிடம் மட்டும் சொன்னதை அவளே அவரிடம் சொன்ன மாதிரி. தெரியாமல் போகிற மனுஷனைத் தெரிந்து போகவைப்பதற்குத் தனக்கு என்ன உரிமை என்று நினைத்தாள். ஆனால் அந்தக் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறவரை யாருமே பார்க்காமல், இல்லாத ஒரு தொப்பையைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, அப்புறம் ஒரு நாள் வெறும் கட்டிலை நாலு நாள் உட்கார்ந்து பார்ப்பதா? போனை அவர் கையில் வைத்தாள்.

கோதண்டபாணி பார்த்தார். உதடு அசையவில்லை. வெயிலுக்கு மறைத்து ஒரு கையைப் போனுக்கு மேலே குடையாகப் பிடித்துக்கொண்டு பார்த்தார். அம்சவல்லி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எதிர்வீட்டு மிக்சி நின்றது. அதற்கப்புறம் அவர் மூச்சு சத்தம் மட்டும்தான்.

"அன்னிக்கு டாக்டரு உங்கிட்ட சொன்னப்ப," என்றார், நிறுத்தி, மூச்சு சேர்த்துக்கொண்டு, "நான் செருப்பத் தேடிட்டு கதவுகிட்டதான்... நின்னன்."

அம்சவல்லியின் கை கதவு நிலையை விட்டது.

"சளின்னு நீ சொன்ன. செரி, இவளுக்கு அப்பிடி இருந்தா... தூக்கம் வருதுன்னா, அப்பிடியே இருக்கட்டும்னு வுட்டுட்டன்."

அவர் மறுபடியும் படத்தைப் பார்த்தார். நகம் தேய்ந்த விரலால் விலா எலும்புக் கோடுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனார். வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். பிறகு நிமிர்ந்தார். சூளை பிரித்த காலையில் கூட அடுக்கியவனைக் கூப்பிட்டுக் கேட்கிற அதே முகம்.

"இந்தப் பக்கம் ஏழு போட்டுருக்கற. அந்தப் பக்கம் ஆறுதான் இருக்குது. எண்ணாம போட்டியா?"

"ஏங்க..." என்றாள் அவள். அதற்குள் குரல் உடைந்தது.

"அளுவாத. வேலையச் செஞ்சா ஒழுங்கா செய்யணும். ஊரு பார்க்கப் போவுது." போனைக் கட்டிலில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் பனியனைப் பிடித்து மெதுவாக மேலே தூக்கினார். பாதியில் மூச்சு வாங்கியது. நின்று, மறுபடியும் தூக்கிக் கழுத்துக்கடியில் தாடையால் இடுக்கிக்கொண்டார். "வா. எண்ணிக்க."

அம்சவல்லி அவர் முன்னால் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஆள்காட்டி விரலை முதல் எலும்பின் மேல் வைத்தாள். சூடாக இருந்தது. இரண்டு. மூன்று. நாலாவதில் வைத்தபோது அவர் மூச்சை இழுத்தார், எலும்பு விரலைத் தூக்கிக்கொண்டு மேலே போய், அங்கேயே கொஞ்ச நேரம் நின்று, இறங்கி வந்தது. எண்ணிக்கை விட்டுப்போனது. அவள் விரலை எடுத்து, மறுபடியும் மேலேயிருந்து தொடங்கினாள்.